பரங்கிமலை மேகத்துக்குள்ள இருக்கு, சார்

பிறந்து வளர்ந்த ஊர் தனக்கு அத்துப்படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கீழேயிருந்து பார்த்த ஊர். அதையே மேலேயிருந்து காட்டினால் திருதிருவென்று விழிப்பான். நான் விழித்திருந்தாலாவது பரவாயில்லை. தெரியும் என்று சொல்லித் தொலைத்தேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்துப் பையனான நான் ஒரு விமானக் கம்பெனியில் துணை விமானி. (யூனிஃபார்மோடு பஸ்ஸுக்கு நின்றால் தெருவே வேடிக்கை பார்க்கும். அதற்காகவே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பேன்.) எங்கள் தெருவில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்த திருநெல்வேலிக்காரர் சவரிமுத்துவின் மகள் ரெஜினாவை எனக்குக் கேட்டிருந்தார்கள். பெண் ஒரு வார்த்தை பேசவில்லை, பிடித்திருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் மனசு மட்டும் நன்றாகத் தெரிந்தது. காலுக்குக் கீழே தரையில்லாத உத்தியோகக்காரனுக்குப் பெண் இல்லை என்றார்.

ஒரு தடவை என் விமானத்தில் வந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று ஜம்பமாகச் சொன்னேன். வியாபார விஷயமாக விசாகப்பட்டினம் போயிருந்தவர், திரும்பும்போது ரயிலை விட்டுவிட்டு என் விமானத்தில் ஏறினார். மீனம்பாக்கத்தில் ஒழுங்காக இறக்கிவிட்டால் ரெஜினா எனக்குத்தான் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். அவரை அழைத்துப்போக மனைவியும் மகளும் மீனம்பாக்கம் வருவதாக ஏற்பாடு.

வழி ஒன்றும் கஷ்டமில்லை. கடற்கரையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே வந்தால் சென்னை. ஆனால் நெல்லூர் தாண்டியதும் கீழே ஒரே மேகம், ரேடியோவில் ஒரே கரகரப்பு. கேப்டன் வடநாட்டுக்காரர், சென்னைக்குப் புதிது. திடீரென்று மேகத்தில் ஒரு ஓட்டை விழுந்தது. மணல் திட்டும், கடலில் கலக்கும் ஒரு முகத்துவாரமும் தெரிந்தன. இது எது என்று கேட்டார். அடையாறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

அது எண்ணூர். (அதே முகத்துவாரத்தில் நண்டு பிடித்து வளர்ந்தவன் நான். நண்டு பிடிக்கிறவன் மேலேயிருந்தா பார்க்கிறான்?)

அடையாறு என்றால் துறைமுகம் எங்கே என்றார் கேப்டன். அது மேகத்துக்கு அடியில் இருந்தது, தாண்டிவிட்டோம் என்றேன். வலப்பக்கம் திரும்பினோம். ஒரு ஏரி வந்தது. செம்பரம்பாக்கம் என்று அறிமுகப்படுத்தினேன். கொஞ்ச நேரத்தில் ஓடுதளமும் வந்துவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கேப்டன் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மலை இருக்க வேண்டுமே, அது எங்கே என்றார்.

"பரங்கிமலை மேகத்துக்குள்ள இருக்கு, சார்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. எந்த மேகத்துக்குள் என்று நான் சொல்லாததால், கண்ணில் பட்ட மேகத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு ஒருவழியாக இறங்கினார். இறங்க அனுமதி தந்த மீனம்பாக்கம், இறங்கியாயிற்றா என்று கரகரப்புக்கு நடுவில் கேட்டது. ஆயிற்று என்றார். இங்கே யாரும் இறங்கவில்லையே என்றது. நாங்கள் இறங்கிவிட்டோம் என்று கேப்டன் சண்டை போட்டார். அப்புறம் கரகரப்பு மட்டும்தான்.

வெளியே பார்த்தால் ஓடுதளத்தில் நெல் காய்கிறது. இல்லை, காய்ந்துகொண்டிருந்த நெல் எங்கள் விசிறிக் காற்றில் நாலாபக்கமும் பறக்கிறது. மீனம்பாக்கத்தில் எப்போது அறுவடை ஆரம்பித்தார்கள் என்று குழம்பியபடி கீழே இறங்கினேன். பின்னாலேயே சவரிமுத்துவும் இறங்கினார். கையில் துடைப்பத்தோடு ஒரு அம்மாள் வேகமாக வந்தார்.

"அம்மா, இது மீனம்பாக்கம்தானே?"

"இன்னா நைனா, வானத்துல வந்தவன் என்னியக் கேக்குற? இது சோயவரம். சண்டைக் காலத்துல வெள்ளக்காரன் போட்டது. நெல்லெல்லாம் பறக்க வுட்டுகினு நிக்கிறியே, யார் வார்றது?"

நான்தான் வாரினேன். கேப்டன் துடைப்பத்தை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டார். மொத்த விமானமும் பார்த்துக்கொண்டிருக்க, சோழவரத்தை யூனிஃபார்மோடு பெருக்கினேன். செத்துவிடலாம் போலிருந்தது.

சவரிமுத்துவுக்கு ராயபுரம் போகிற நெல் லாரி ஒன்று கிடைத்தது. கேப்டனே என்னையும் அதில் ஏற்றிவிட்டார். (அவருக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.) மாதவரத்தில் சவரிமுத்து என் பக்கம் திரும்பினார்.

"சொந்த ஊரு தெரியாதவனுக்கு எம்மவளக் குடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது சரிதான். மூலக்கடை எது, தண்டையார்பேட்டை எது என்றுகூட அன்றைக்கு எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் வீடு பூட்டியிருந்தது. இருவரும் வாசற்படியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தோம்.

மீனம்பாக்கத்தில் நடந்தது பிறகுதான் தெரியவந்தது. விமானம் இறங்கிவிட்டது, ஆனால் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அழுவதா சிரிப்பதா என்று யாருக்கும் புரியவில்லையாம். சோழவரத்திலிருந்து தகவல் போனபின், சாயங்காலம் ஒரு டாக்சியில் தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

ரெஜினா அழுது வீங்கிய முகத்தோடு இறங்கி ஓடிவந்தாள். சவரிமுத்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தார். அவள் அவரைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றாள்.

"எங்க பூட்டீங்க? உசுரே போயிடுச்சு எனக்கு."

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சவரிமுத்துவுக்கு விரித்த கையை மடக்கத் தெரியவில்லை.

"ஏளா, நானும் அந்தப் பிளேன்லதான் வந்தேன்."

டாக்சிக்காரன்கூடச் சிரித்துவிட்டான். சவரிமுத்து மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிடும்படி மனைவியிடம் முணுமுணுத்துவிட்டு உள்ளே போனார்.

கம்பெனி என்னைச் சில மாதம் வீட்டில் உட்கார வைத்தது. கல்யாணத்துக்கு வசதியாகப் போயிற்று. இன்றும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் வெளியே போய்த் திரும்பி, ஒருவருக்கு மட்டும் காப்பி வந்தால், மற்றவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்து நிற்பார். சவரிமுத்துவைப் பார்த்தேயிராத பேரன் பேத்திகள்கூட அவர் குரலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: "ஏளா, நானும் அந்தப் பிளேன்லதான் வந்தேன்."