என் கதையை நானே தோற்கடித்த கதை

எழுதுகிறவனுக்குப் பாராட்ட ஒரு ஆள் வேண்டும், திட்ட ஒரு ஆள் வேண்டும். இரண்டு வேலையையும் தானே பார்த்துக்கொள்ள நினைத்த மேதாவி நான். அது எப்படி முடிந்தது என்று செங்கல்பட்டில் எழுதுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொஞ்சம் காது மூக்கு வைத்துத்தான் சொல்வார்கள் என்பதால், நானே சொல்லிவிடுகிறேன்.

நான் கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவன். சொந்த ஊர் மதுரைப் பக்கம். இங்கே வந்த புதிதில் எனக்குத் தெரிந்த ஒரே எழுத்தாளர் நான்தான் (அதுவும் ஊர்ஜிதமாகாத தகவல்). ஒருநாள் செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் கதையைப் பிரதி எடுக்கக் கொடுத்தேன். கடைக்காரர் வனஜா அக்கா மெஷினை நிறுத்திவிட்டு, கதையை நின்றபடியே படித்து முடித்தார்.

"மாசா மாசம் ஒரு ஞாயித்துக்கெழம எழுதறவங்க எல்லாம் இங்க மாடில கூடுவோம். வந்துடுப்பா" என்றார்.

அந்தக் கடைக்குக் கதையோடோ கவிதையோடோ போய்த் தப்பித்தவர் யாரும் கிடையாது. டைப் அடிக்க வந்தவர், ஸ்பைரல் போட வந்தவர் என்று ஒவ்வொருவராகப் பிடித்துத்தான் அக்கா அந்தக் கூட்டத்தையே சேர்த்திருந்தார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கதையில் எழுதியவர் பெயர் இருக்காது. டைப் அடித்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவரே வாசிப்பார். பிறகு எல்லோரும் பேச வேண்டும். எழுதியவரும், யாரோ எழுதியதைப் போல, பேச வேண்டும். "ஆளைப் பாத்துப் புகழ்றதும் வேணாம், ஆளைப் பாத்துக் கிழிக்கிறதும் வேணாம்" என்பார் அக்கா.

அந்த வருஷம் குழுவின் முதல் கதைத் தொகுப்பு வர இருந்தது. மாமல்லபுரம் தாண்டி, கடலோரமாக ஒரு சவுக்குத் தோப்பில் குடும்பத்தோடு கூடி, கை தூக்கி ஓட்டுப் போட்டுக் கதைகளைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. அதுவரை என் பெயர் அச்சில் வந்ததே இல்லை (கல்யாணப் பத்திரிகை நீங்கலாக). ஆபீஸ் பஸ்ஸில் எல்லோரிடமும் "புஸ்தகம் வருது" என்று தம்பட்டம் அடித்தாகிவிட்டது. மாமனாருக்கும் ஃபோன் போட்டுச் சொல்லியிருந்தேன்.

கிளம்பும்போதே மனைவி சுதாவை எச்சரித்தேன்.

"எல்லாரும் என் கதையப் புகழும்போது நீ முகத்துல காட்டிக்கிடாத."

"முதல்ல புகழட்டும், பாப்போம்" என்றாள்.

கதை இதுதான். ஆபீஸ் பஸ்ஸில் வருஷக்கணக்காக ஒரே ஜன்னல் சீட்டில் போய்வந்த ஒருவர், ரிட்டயர் ஆகிற நாளில் அங்கே ஒரு புதியவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறார். எதுவும் கேட்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போகிறார். எழுதி முடித்த அன்று நானே அழுதேன்.

தோப்பில் அக்கா வாசித்தார். முதலில் பேசியவர்கள் "நல்லாருக்கு" என்றார்கள். என் முறை வந்தது. நானும் நல்லாருக்கு என்றால் கண்டுபிடித்துவிடுவார்களே! லேசாக ஒரு குறை சொல்வோம், யாராவது மறுப்பார்கள், பெருந்தன்மையாக ஒத்துக்கொள்வோம் என்று திட்டம் போட்டேன்.

"சீட்டு வேணும்னா கேக்க வேண்டியதுதான? வாயை என்ன வாடகைக்கா விட்டிருக்காரு?" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அங்கேதான் சனி பிடித்தது. என் பேச்சுக்கு அதுவரை யாரும் சிரித்ததில்லை (என்னைப் பார்த்துச் சிரித்ததுண்டு).

டில்லிபாபு எழுந்தார். கவிஞர், சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேராக வந்திருந்தார்.

"இன்னா அண்ணாத்த இப்பிடிச் சொல்ற? கேக்கக் கூச்சமா கீது, அதான் நின்னுகினு வர்றாரு. எங்க நைனா அப்பிடித்தான். கல்யாண வூட்டுல சோறு பத்தலன்னாகூட வாயத் தொறக்க மாட்டாரு. அந்தக் கம்பியப் புடிச்சிகினு நிக்கிற எடத்துல எனுக்குத் தொண்ட அடச்சிகிச்சிபா."

என் கதைக்கு இதைவிட வேறு என்ன பாராட்டு வேண்டும்? அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்பு ருசி கண்டுவிட்ட நாக்கு கேட்கவில்லை.

"அது கடற்கரை மணலா இருக்கும், தண்ணி குடிங்க" என்றேன். மறுபடி சிரிப்பு. "அவ்வளவு கூச்சப்படுறவரு, இத்தனை வருஷம் ஜன்னல் சீட்டை மட்டும் எப்படிப் பிடிச்சாரு?" அதற்கும் சிரிப்பு. சுதா புளியோதரை டப்பாவின் மூடியைத் தட்டினாள். கண்ணை உருட்டினாள். புருஷன் பேச்சில் சொக்கிப்போய்விட்டாள் என்று நினைத்து இன்னும் வெளுத்து வாங்கினேன்.

"போதும்பா, ஓட்டுக்குப் போலாமா?" என்றார் அக்கா.

"இன்னும் ஒரு பாயிண்ட் இருக்குக்கா" என்றேன் நான்.

கதை வேண்டாம் என்பவர்களை அக்கா கை தூக்கச் சொன்னார். இத்தனை பேசியவன் சும்மா இருந்தால் சந்தேகம் வராதா? தூக்கினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். கதை வேண்டும் என்று எழுந்த ஒரே கை டில்லிபாபுவுடையது.

தோற்ற கதையை எழுதியது யார் என்று அக்கா ஒருபோதும் சொல்ல மாட்டார். ஆகவே நான் தப்பித்திருக்கலாம். ஆனால் சுதாவுக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டாள்.

"அதை எழுதினதே இவருதாங்க!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"யோவ், உன் கதைக்காவா உன்கூடவே இம்மாம் நேரம் சண்ட போட்டேன்? பேஜாரு புடிச்ச ஆளா கீறியே!" என்றார் டில்லிபாபு.

பிறகு எழுந்த சிரிப்பில் தோப்புக் காக்கைகளெல்லாம் பறந்துபோயின. நான் ஒரு சவுக்கு மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். சவுக்கு மரம் ஆளை மறைக்காது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அக்கா தட்டில் புளியோதரையோடு வந்தார்.

"மறுபடி ஓட்டு வைக்க முடியாதாக்கா?" என்று அசடு வழிந்தேன்.

"முடியாதுப்பா. வழக்கம்னா எல்லாருக்கும்தான். ஆனா நீ சொன்ன கொறை பாதி சரி. டில்லி சொன்னதும் சரி. ரெண்டையும் வெச்சிகினு மறுபடி எழுது. அதுக்குத்தானே கூடறோம்? மொதல்ல சாப்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. டில்லிபாபு பக்கத்தில் உட்கார்ந்து தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பேச்சைக் கேட்டுத் திருத்திய கதைதான் அடுத்த தொகுப்பில் வந்தது. பொன்னாடை போர்த்துகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சொதப்பியவனைத் தேடி வந்து சோறு போட்டு, மறுபடி எழுது என்கிறவர் எத்தனை பேர்? வெளியூர்க்காரனான எனக்கு இது என் ஊரானது அக்காவால்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் யாராவது ஒரு கதையைக் கண்டபடி திட்டினால், "இன்னா, உன்னுதா?" என்று ஒரு குரல் வரும். வீட்டிலும் அதே கதிதான். ரசத்தில் உப்பு இல்லை என்று நான் வாயைத் திறந்தால் போதும், "ஏன், நீங்க வச்சதா?" என்பாள் சுதா.

போன வருஷம் என் முதல் புத்தகத்துக்கு அக்கா கூட்டம் போட்டார். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் மேடையில் அதைக் கிழி கிழியென்று கிழித்தார். பின்வரிசையிலிருந்து டில்லிபாபு குரல் கொடுத்தார்: "இன்னா சார், உன்னுதா?" அரங்கமே குலுங்கியது. திகைத்து நின்ற பேராசிரியருக்கு அக்கா டீ கொடுத்து விஷயத்தைச் சொன்னார். அப்படியே மாதக் கூட்டத்துக்கும் பிடித்துப் போட்டுவிட்டார்.

இப்போது அவரும் தவறாமல் வருகிறார். எந்தக் கதையைத் திட்டுவதற்கு முன்பும், "என்னோடது இல்லைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். போன மாதம் புதிய தொகுப்புக்கு ஓட்டுப் போட்ட கூட்டத்தில் ஒரு கதையை வெளுத்து வாங்கினார், ஆனால் அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தோம். மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

அந்தக் கதை வேண்டும் என்று முதல் ஆளாகக் கை தூக்கியவன் நான்தான்.