அப்பவே தெரிந்தவர்

மனிதர்களில் ‘அப்பவே தெரிந்தவர்’ என்று ஒரு ரகம் உண்டு. இவர்களைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. எங்காவது ஏதாவது நடந்து முடிந்திருந்தால் போதும், அவர்களே வந்து சேர்வார்கள். நடப்பதற்கு முன்னால் மட்டும் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டு மதில் இடிந்து விழுந்தால், புழுதி அடங்குவதற்குள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்று, அதில் ஒரு சாய்வு இருந்ததென்றும் தமக்கு அப்பவே தெரியுமென்றும் சொல்வார்கள். கல்யாணம் முறிந்தால், மாப்பிள்ளை கை குலுக்கிய விதத்திலேயே அது தெரிந்திருக்கும். கம்பெனி மூழ்கினால் அதன் பெயர்ப்பலகையைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். எல்லாம் சரி, தெரிந்ததை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? இதை மட்டும் அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள், பாவம்.

இந்த ரகத்தில் குறையில்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால், ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளரை உங்களுக்குக் காட்டுகிறேன். காப்பீட்டு நிறுவனத்தில், விபத்து நடந்த இடங்களுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க எல்லாம் முடிந்த பிறகு போய் நின்றே பழகிய கால்கள். எரிந்த கிடங்கைச் சுற்றி வந்து, ‘இது எரியத்தான் போகிறது என்று பார்த்தாலே தெரிகிறதே’ என்று சாம்பலைப் பார்த்துச் சொன்னவர் அவர். ஓய்வுக்குப் பிறகு அந்தத் திறமை முழுவதும் குடியிருப்புக்கே கிடைத்தது. லிஃப்ட் நின்றாலும் சரி, தண்ணீர்த் தொட்டி வழிந்தாலும் சரி, அவருக்கு அப்பவே தெரியும்.

அவருடைய வாழ்க்கையின் பொன்னான நாள் ஒரு காலைப் பொழுதில் விடிந்தது. வாசலில் பெயர் எழுதாத மூன்று வண்டிகள் வந்து நின்றன. ஐந்தாம் மாடிக்காரரை வீட்டுச் செருப்போடு கீழே அழைத்து வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர் என்று எல்லோரும் நினைத்திருந்த மனிதர். மெல்லப் பேசுவார், லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு வழி விடுவார், படிக்கட்டில் வாடிக் கிடந்த செடிகளுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுவார். காலைச் செய்தி முடிவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. எல்லைக்கு அப்பால் நடந்த போரில் ஊர் ஊராகக் காலி செய்த படைப்பிரிவுக்கு அவர்தான் தளபதியாம். அவருடைய ஆட்கள் லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் திரும்பவே இல்லையாம். பெயரை மாற்றிக்கொண்டு தப்பியவரைச் சர்வதேச நீதிமன்றம் வருடக்கணக்கில் தேடிக்கொண்டிருந்ததாம்.

குடியிருப்பு ஒரு நிமிடம் வாயடைத்து நின்றது. ஒரே நிமிடம்தான். அதற்குப் பிறகு பாருங்கள், யாருக்குத் தெரியாது என்று கேட்கும்படி ஆகிவிட்டது. இரண்டாம் மாடி அம்மாளுக்கு அந்த மனிதர் சிரிக்கும்போது கண் சிரிக்காது என்பது அப்பவே தெரியும். மூன்றாம் மாடிப் பல் டாக்டருக்கு, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது முனகக்கூட இல்லையே என்று அப்பவே சந்தேகம். செடிகளுக்கு ஊற்றிய தண்ணீரில்கூட ஏதோ உள்நோக்கம் இருந்திருக்கிறது. ‘அவர்’ மதியத்துக்குள் ‘அவன்’ ஆனார்.

ஆனாலும் செயலாளர் முன்னால் இவர்கள் எம்மாத்திரம்? வாசலில் மைக்குகள் வந்து இறங்கியதும், சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு அவர் இறங்கி வந்தார். முதல் தொலைக்காட்சியிடம் அந்தப் பார்வையிலேயே தமக்குத் தெரியும் என்றார். இரண்டாவது தொலைக்காட்சிக்குப் பார்வை போதாது என்று தோன்றியதால், நடையிலும் தெரியும் என்று சேர்த்தார். நான்காவது வந்தபோது ராணுவ நடையை வாசற்படியில் அவரே நடந்து காட்டினார். மாலைச் செய்தியில் அவர் பெயருக்குக் கீழே ‘முன்பே கணித்தவர்’ என்று போட்டார்கள். காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மனிதருக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டில்தான் ஒரு சங்கடம். கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டே செய்தி பார்த்த மனைவி, தலையை நிமிர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, போன ஆண்டுக் கூட்டத்துல அவரைப் பாதுகாப்புக் குழுத் தலைவராப் போடணும்னு சொன்னது யாரு?”

“அது வந்து... விட்டுப் பிடிக்கலாம்னு பார்த்தேன்.”

மனைவி கடைசிப் பட்டாணியையும் உரித்து முடித்தாள். உரித்த தோலைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். ஆனால் விஷயம் அது மட்டுமல்ல. வாசல் கேமராவை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பையும் செயலாளர் அந்த மனிதரிடமே கொடுத்திருந்தார். அவரும் நன்றாக யோசித்து, தெருவைப் பார்த்து வைத்தார். உள்ளே குடியிருப்பவர்கள் முகம் ஒன்றும் அதில் விழாது. அன்றைக்குச் செயலாளர் கைதட்டினார்.

இன்னொன்றும் இருக்கிறது. மாலையானால் ஐந்தாம் மாடியில் சதுரங்கப் பலகை விரிந்துவிடும். செயலாளரும் அவரும் உட்கார்ந்தால் இருட்டும்வரை ஆட்டம். செயலாளர்தான் ஜெயிப்பார். எப்போதும் அவர்தான். பூகோள வாத்தியாருக்கு ஆட்டம் போதாது, ஆனால் கேட்கும் பொறுமை உள்ள மனிதர் என்று மனைவியிடம் பெருமையாகச் சொல்வார். எரிந்த கிடங்குகளின் கதைகள், கவிழ்ந்த கப்பல்களின் கதைகள், தம் மேலதிகாரிகளின் முட்டாள்தனங்கள் எல்லாவற்றையும் அந்த மனிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால், ஓய்வு பெற்று வந்த பிறகு செயலாளருக்கு வாய்த்த ஒரே நண்பர் அவர்தான். இதை எந்த மைக்கிடமும் அவர் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை அதிகாரி வந்தாள். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரை வாங்கிக்கொண்டாள்.

“ஐயா, உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு டிவியில சொன்னீங்க. எப்போ தெரிஞ்சுது, யார்கிட்ட சொன்னீங்கன்னு சொன்னா எங்களுக்கு உதவியா இருக்கும்.”

செயலாளர் தம் கோப்பையைக் கீழே வைத்தார். தெரிந்தே ஒளித்து வைத்தால் அதற்கென்று ஒரு சட்டம் இருப்பது காப்பீட்டுக்காரருக்குத் தெரியாதா? அது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்றும், உள்ளுணர்வு என்றும், அந்த மைக்குக்காரர்கள் பாதியை வெட்டிவிட்டார்கள் என்றும் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். அதிகாரி சிரித்துவிட்டாள். பயப்பட வேண்டாம், இந்தத் தெருவில் முன்பே தெரியாத ஒரு ஆளைத் தான் இன்னும் பார்க்கவில்லை என்றாள். கிளம்பும்போது வாசற்படியில் நின்று இன்னொன்றும் சொன்னாள்.

“இவ்வளவு வருஷம் ஒரே இடத்துல மாட்டிக்காம எப்படி இருந்தீங்கன்னு அவர்கிட்டயும் கேட்டோம். செயலாளர் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார், பேசிக்கிட்டே இருப்பார், நான் தினமும் தோத்தா போதும்னு சொன்னார்.”

கதவைச் சாத்திவிட்டுச் செயலாளர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்திருக்கிறான்! அந்த மனிதன் காலி செய்த ஊர்களைவிட இதுதான் அன்று அவரை அதிகமாகச் சுட்டது. கேவலம்தான், ஆனால் உண்மை. எத்தனையோ ஆட்டங்களை மனத்துக்குள் திருப்பி ஆடிப் பார்த்தார். ஒன்றாவது தாமாக ஜெயித்ததாக இருக்கக் கூடாதா?

இதற்கப்புறமாவது வாயை மூடியிருப்பார் என்கிறீர்களா? இந்த ரகத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் புரியவில்லை. காற்று வாங்கலாம் என்று கீழே இறங்கியவர், வாசலில் யாரோ தெரியாதவர்கள் கை காட்டியதும், பழையபடி அந்தப் பார்வையைப் பற்றி ஆரம்பித்தார். அப்போதுதான் தரைத்தளத்துத் தையல்கடையிலிருந்து குரல் வந்தது.

தையல்கடைக்காரி அந்தப் போர் நடந்த பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய தம்பியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்பது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். கைதான நாளிலிருந்து கடையின் ஷட்டர் பாதிதான் திறந்திருந்தது. செயலாளர் குனிந்து உள்ளே போனார். தைக்கக் கொடுத்த திரைச்சீலையை வாங்க வந்த இரண்டாம் மாடி அம்மாள் ஒரு ஓரமாக நின்றிருந்தாள். மெஷின் ஓடவில்லை. தையல்காரி அளவு நாடாவைக் கையில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“அண்ணா, உங்களுக்குப் பார்த்ததுமே தெரிஞ்சுதாமே.”

செயலாளர் பாதி திறந்த ஷட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் அவன் கோட்டுக்குக் கை அளவு எடுத்தேன். தோள்ல கை வச்சு எடுத்தேன். நல்லாத் தைக்கிறியேம்மான்னு சொன்னான், நான் நன்றின்னு சொன்னேன். உங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் ஏண்ணா தெரியலை? என் தம்பிக்கு நான் என்ன அக்கா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் செயலாளருக்குச் சுலபமாக இருந்திருக்கும், ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு நழுவியிருப்பார். அவளோ பதிலுக்குக் காத்திருந்தாள். டிவியில் இவர் முகம் வந்த ஒவ்வொரு தடவையும் இவள் இந்தக் கடைக்குள் உட்கார்ந்து தன்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவள் மூச்சு விடுவாள். ஆனால் பக்கத்தில் இரண்டாம் மாடி அம்மாள் அல்லவா நிற்கிறாள்! அந்த அம்மாள் காதில் விழுந்தால் ஐந்து மாடியிலும் விழுந்த மாதிரி. காய்கறிக் கடைக்காரர் இனி எழுந்து நிற்பாரா?

“எனக்குத் தெரியாதும்மா” என்றார்.

வாழ்நாளில் முதல் தடவையாகச் சொல்கிறார் அல்லவா, நாக்கு புரளச் சிரமப்பட்டது.

“டிவியில சொன்னீங்களே?”

“பொய்ம்மா. பார்வையும் இல்லை, நடையும் இல்லை. தினமும் அவனோட உட்கார்ந்து விளையாடினேன். எனக்கு அவனைப் பிடிச்சிருந்துச்சு. எனக்கே தெரியலைன்னா உனக்கு எப்படிம்மா தெரியும்?”

தையல்காரி நாடாவை மேஜைமேல் வைத்துவிட்டு, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு அழுதாள். செயலாளர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஆனால் நழுவவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. இரண்டாம் மாடி அம்மாள் திரைச்சீலையை மார்போடு அணைத்துக்கொண்டு, தனக்கும் தெரியாது என்று முணுமுணுத்தாள். மறுநாள் காலையில் தையல்கடையின் ஷட்டர் முழுவதும் மேலே ஏறியிருந்தது.

இத்தோடு எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. செயலாளர் எழுந்து, ஐந்தாம் மாடிக்காரரைப் பற்றித் தமக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை என்றும், தெரிந்ததாகச் சொன்னது தவறு என்றும், கேமராவை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பிறகு பல் டாக்டர் பக்கத்து நாற்காலிக்குச் சாய்ந்தார்.

“செயலாளருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

தமக்கும் அப்பவே தெரியும் என்று முன் வரிசை சொன்னது. தையல்கடையில் என் காதாலேயே கேட்டேன், அதற்கும் முன்னாலேயே தெரியும் என்றாள் இரண்டாம் மாடி அம்மாள். கடைசி வரிசையிலிருந்த தையல்காரி மட்டும் எதுவும் சொல்லாமல், செயலாளரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

இதைப் படித்து முடித்த நீங்கள் இப்போது லேசாகச் சிரிக்கிறீர்கள். இது இப்படித்தான் முடியும் என்பது உங்களுக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது, இல்லையா?