ஏற்றக்காரர் முழமும் என் அயல்நாட்டுக் கடையும்

தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை என்று சொல்லுவார்கள். நான் அதைவிட ஒருபடி கீழே. சொந்த ஊரிலேயே பூனையாக இருந்துவிட்டு, அயல்நாட்டுக்குப் போய் எலியாகத் திரும்பி வந்தவன்.

அயல்நாடு என்றதும் கப்பலைத் தேடாதீர்கள். வில்லியனூரில் மாட்டுவண்டி ஏறினால், ஒரு வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் (சரி, இரண்டு வெற்றிலை) அயல்நாடு வந்துவிடும். அந்தக் காலத்தில் வாய்க்காலுக்கு இந்தாண்டை பிரெஞ்சுக்காரன் ஆட்சி, அந்தாண்டை இங்கிலீஷ்காரன் ஆட்சி. இங்கே குழந்தை தும்மினால் அங்கேயிருந்து 'நூறு வயசு' என்பார்கள். ஆனால் நடுவில் ஒரு சுங்கச் சாவடி இருந்தது. அங்கே பேச்சு மட்டும்தான் வரியில்லாமல் போகும்.

எங்கள் அப்பா வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அண்ணன் துணி கிழிப்பார். கிழிக்காத துணியை நான் மடித்து வைப்பேன். இருபத்து மூன்று வயதில் என் தொழில் இதுதான். எதிர்க்கரையில் என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, குடும்பத்தோடு இருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம்; அங்கே எனக்கு இன்னும் உறவு இருக்கிறது, தடி எடுத்து வந்துவிடுவார்கள். அவருடைய மகள் பாக்கியத்தை எனக்குக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. வயது வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. காரணம் அத்தை, மாமாவின் மனைவி.

"அண்ணன் கடையில மடிச்சி வெச்ச துணியும் ஒண்ணு, இந்தப் புள்ளயும் ஒண்ணு. எதை நம்பிப் பொண்ணக் குடுக்கறது? விழுப்புரத்துல ரயில்வேக்கார மாப்ள கேட்டு அனுப்பிச்சிக்கினே இருக்காங்க" என்றாள், என்னை வைத்துக்கொண்டே.

மாமா நடுநிலை மனிதர். மனைவி பக்கமாகவே நடுநிலை வகிப்பார். "மாப்ளே, ஒண்ணு செய்யி. எங்க ஊர்ல தனியா ஒரு கட போடு. தீபாவளிக்குள்ள மூணு பொதி வித்துக் காட்டிட்டேன்னு வெச்சிக்க, தை மாசம் முகூர்த்தம். இல்லாங்காட்டி நாங்க விழுப்புரத்துக்குச் சரின்னு சொல்லிடுவோம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் ரோஷத்துக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. "மூணு இன்னா மாமா, முப்பது விப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். (மூன்றே போதும் என்று அவர் பெரிய மனது பண்ணினார்.)

எங்கள் பக்கம் துறைமுகச் சரக்குக்கு வரி இல்லை. அதனால் எங்கள் சீட்டிக்கும் மல்லுத் துணிக்கும் அந்தப் பக்கம் ஏக மவுசு. அங்கேயிருந்து எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வரும் பெண்கள் வரும்போது ஒற்றைநாடியாக வருவார்கள். திரும்பும்போது மூன்று சுற்றுப் பெருத்துப் போவார்கள். கல்யாணச் சாப்பாடு அவ்வளவு ருசி என்று சாவடிக்காரர்களும் நம்பியதுபோல் இருந்துவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய மாட்டேன் என்று முடிவு செய்தேன். கடை என்றால் யோக்கியமான கடை. மூன்று பொதியை வண்டியில் ஏற்றிக்கொண்டு நட்டநடுப் பகலில் சாவடியில் போய் நின்றேன்.

"இன்னா கொண்டாந்திருக்க?" என்றான் காவலாள்.

"ஜவுளி. வரி கட்ட வந்திருக்கேன்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளே திரும்பி, "அண்ணே, இங்க ஒருத்தரு வரி கட்ட வந்திருக்காரு" என்றான்.

"தானாவா?"

"தானாதான்."

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

இரண்டு பேரும் கூடிப் பேசி, இவ்வளவு யோக்கியமான ஆள் கட்டாயம் எதையோ ஒளித்திருப்பான் என்று முடிவுக்கு வந்தார்கள். பொதிகளைப் பிரித்து, துணிக்குத் துணி உதறி, சாராயப் புட்டி தேடினார்கள். வண்டிக்காரர் இடுப்புத் துணியைக்கூட விடவில்லை. சாயங்காலம் வரைக்கும் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காத கோபத்தில் வரியைக் கணக்காக வாங்கிக்கொண்டார்கள். எங்கள் துணி மலிவு என்ற பெருமை அந்தச் சாவடியிலேயே இறங்கிக்கொண்டது.

இதற்கெல்லாம் அசருகிறவனா நான்? சந்தைத் திடலுக்கு எதிரே ஓட்டுக் கடை ஒன்றைப் பிடித்தேன். வில்லியனூரில் கௌரவமான கடைகளுக்குப் பிரெஞ்சில் பலகை இருக்கும். நானும் ஒரு பலகை எழுதவைத்து, எனக்கே படிக்கத் தெரியாத எழுத்தில், கம்பீரமாக மாட்டினேன். முதல் நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வாய்க்கால் தகராறுக்கு மனு கொண்டுவந்திருந்தார். இன்னொருவர் வாசலிலேயே தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தொர எப்ப வருவாரு?" என்று கேட்டார். அந்த ஊரில் வெள்ளைக்கார எழுத்து என்றால் சர்க்கார் கச்சேரி. கச்சேரி என்றால் கும்பிட்டுவிட்டுச் சுற்றிப் போகவேண்டிய இடம். பலகையைக் கழற்றினேன்.

பலகை போனதும் ஆள் வந்தது. ஆனால் துணி போகவில்லை. அங்கேதான் மீட்டர் கோல் குறுக்கே நின்றது. எங்கள் பக்கம் அளவு மீட்டர். அந்தப் பக்கம் சட்டப்படி கெஜம். மீட்டர் கெஜத்தைவிட நாலு விரற்கடை நீளம், ஆகவே விலையும் கொஞ்சம் கூடுதல். இதை நான் ஒரு பெண்மணிக்கு விளக்கியது எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது.

"அடுத்தூரு கடையில கொறச்சலா குடுக்கறாரே?"

"அது கெஜம்மா. இது மீட்டரு. ஒங்களுக்கு நாலு வெரக்கட லாபம்."

"நீளமா ஒரு கோல வெச்சிக்கினு நீளமா வெல சொல்ற. ஒங்கோலு எனக்கு எதுக்குப்பா? ரவிக்க தைக்கப்போறனா, கெணறு தூரெடுக்கப்போறனா?"

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. "நாங்க முழத்துலதான் வாங்குவோம். முழத்துக்கு இன்னா, அதச் சொல்லு" என்றார் ஒருவர். உண்மைதான். அந்த ஊரில் பூ முழம், கயிறு முழம், துணியும் முழம். கோலை யாரும் நம்புவதில்லை. கோலைச் செய்தவன் ஒரு ஆசாரி. கையைச் செய்தவன் ஆண்டவன் என்பது அவர்கள் கட்சி.

மூன்று வாரம் ஓடிவிட்டது. முதல் பொதியே பாதி இறங்கவில்லை. தீபாவளிக்கு நான்கே நாள். விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வரப்போவதாக அத்தை தெருவுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சோறு கொண்டுவந்த பாக்கியம், தூக்குச் சட்டியை வைத்துவிட்டு நின்றாள்.

"மாமா, முழக் கணக்குல போடப்போறியா?"

"ஆமா. நாளைக்குச் சந்த. தண்டோரா போட ஆள் சொல்லிட்டேன். அவங்கவங்க கையால அளந்துக்கலாம், முழத்துக்கு ஒரே வெல. எப்படி?"

"மத்த கடையில யாரு கையால அளக்கறாங்கன்னு மொதல்ல விசாரிச்சியா?"

"வியாபாரம் எனக்குத் தெரியும் பாக்கியம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை, ஐம்பது வருஷத்தில் பலமுறை பார்த்துவிட்டேன். அன்றைக்கு முதல் தடவை என்பதால் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தமுக்கு அடித்தவன் என் வாசகத்தோடு தன் சொந்தச் சரக்கையும் சேர்த்தான்: "யாரு கையா இருந்தாலும் சரி! சொன்ன சொல்லு மாறாது!" நானும் கடை வாசலில் நின்று, "மாறாது!" என்று கையை உயர்த்தினேன். கூட்டம் கொஞ்ச நேரம் தனக்குள் குசுகுசுத்தது. பிறகு நாலு பேர் கழனிப் பக்கம் ஓடினார்கள். திரும்பி வந்தபோது நடுவில் வீராசாமியை அழைத்து வந்தார்கள்.

வீராசாமி கழனிக் கிணற்றில் ஏற்றம் இறைக்கிறவர். நின்றால் விரல் நுனி முழங்காலைத் தொடும். புராணத்தில் இதை மகாபுருஷ லட்சணம் என்று சொல்லியிருக்கிறது. புராணம் எழுதியவர்கள் யாரும் ஜவுளி விற்றதில்லை. அவருடைய ஒரு முழத்தில் என்னுடையது ஒன்றரை போய்விடும்.

அந்த மனிதர் ரொம்ப நல்லவர். அதுதான் பெரிய சங்கடம். ஒவ்வொரு முழத்துக்கும் என் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சிக்கணும் மொதலாளி, ஆண்டவன் குடுத்த கை" என்பார். என் துணி முழங்கையிலிருந்து கிளம்பி அந்த நடுவிரலை நோக்கிப் போகும், போகும், போய்க்கொண்டே இருக்கும்.

"நல்லா நீட்டு வீராசாமி, விரல மடக்காத!" என்றாள் ஒரு அம்மாள். இன்னொருத்தி வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொண்டுவந்து அவர் முழங்கையில் தடவினாள். சாவடியில் என் பொதியை உதறிய காவலாளும் வரிசையில் நின்றான். "வரி ஒழுங்கா கட்டுனவரு, அளவும் ஒழுங்காத்தான் குடுப்பாரு" என்று எனக்கு நற்சாட்சி வேறு.

பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, கடையச் சாத்து."

"சொல்லிட்டேன் பாக்கியம்."

"சொன்னா இன்னா? வயித்த வலின்னு சொல்லு."

"ஊரே கேட்டுச்சி. வாக்குன்னா வாக்குதான்."

உச்சி வேளைக்கு வீராசாமிக்குக் கை கடுத்துப்போயிற்று. "மொதலாளி, கொஞ்சம் ஒக்காந்துக்கட்டுமா?" என்றார். கூட்டம் என்னைப் பார்த்தது. சொல்லு மாறாதவன் என்ன செய்வான்? நானே போய் ஒரு சொம்பு மோர் வாங்கிவந்து கொடுத்தேன். என்னை அழிக்கிற கைக்கு என் கையாலேயே மோர்! அவர் குடித்துவிட்டு, தெம்பாக, இன்னும் கொஞ்சம் நீளமாகவே அளந்தார் என்று எனக்குத் தோன்றியது.

பொழுது சாய்வதற்குள் மூன்று பொதியும் காலி. கடையில் மிஞ்சியது நானும் மீட்டர் கோலும். விற்ற பணத்தில் புதிதாக அரைப் பொதிகூட வாங்க முடியாது.

அப்போதுதான் ஒரு பெரியவர் பரிவோடு வந்து விஷயத்தைச் சொன்னார். அடுத்த ஊர்க் கடைக்காரர் துணி அளப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்திருக்கிறாராம். ஊரிலேயே குள்ளமான ஆள். கடைக்கு ஒரு கை என்று முதலிலேயே ஊரறியச் சொல்லிவிட்டால், அப்புறம் அந்தக் கைதான் அளவு. யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "அது எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கமாச்சே தம்பி. தெரிஞ்சிதான் தாராளமா செய்யறேன்னு நெனச்சோம்" என்றார்.

மாமாவும் அத்தையும் வந்து வெறுங்கடையைப் பார்த்தார்கள். மாமா தொண்டையைக் கனைத்தார். "மூணு பொதியும் வித்துட்டான்ல?"

"இது விக்கறதா? வாரிக் குடுத்துட்டு ஒக்காந்திருக்கான்! இவனுக்கா பொண்ணு?" என்றாள் அத்தை.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கேட்டதில் தப்பில்லை என்று எனக்கே பட்டது. விழுப்புரத்து ரயில் என் காதுக்குள் ஊதியது.

அப்போது பாக்கியம் பேசினாள். "அம்மா, விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பி வேணாம்னு சொல்லிடு."

"ஏன்டி?"

"ரயிலு தண்டவாளத்து மேல தானா போவும். அத ஓட்டறவனுக்கு நான் எதுக்கு? இந்த ஆளத் தனியா வுட்டா கடைய மட்டுமில்ல, கூரைய ஓடு ஓடா அளந்து குடுத்துடுவாரு. சொன்ன சொல்லு மாறாத ஆளு. இன்னா சொல்லணும்னு மட்டும் இனிமே நான் சொல்லிக்கறேன்."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு அதுதான்.

வெறும் வண்டியோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா திட்டவில்லை. நிதானமாகக் கணக்குப்பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "கடை வைக்க வந்த வெள்ளைக்காரன் நாட்டையே புடிச்சிக்கினான். அவன் புடிச்ச நாட்டுல கட வைக்கப் போன எம் புள்ள கோலோட வந்திருக்கான்."

தை மாதம் கல்யாணம். ஆறு மாதம் கழித்து அதே சந்தைத் திடலில் மறுபடி கடை திறந்தோம். இந்தத் தடவை கல்லாவில் பாக்கியம் உட்கார்ந்தாள். கடைக்கு ஒரு கை என்று ஊரறியத் தன் கையையே நீட்டிக் காட்டினாள். அவள் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். வீராசாமி வந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "ஆண்டவன் குடுத்ததும்மா, சரிதான்" என்று சிரித்து, இரண்டு வேட்டி வாங்கிப்போனார். கடை நிலைத்து நின்றுவிட்டது.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சந்தை நாளை யாரும் விடுவதாக இல்லை. எவனாவது புதுத் திட்டத்தோடு வாயைத் திறந்தால், "யாரு கையால அளக்கப்போற?" என்று ஒரு குரல் கேட்கும். மருமகள்கள்கூட வந்த மாதத்திலேயே கற்றுக்கொண்டுவிடுவார்கள். போன வருஷம் சின்ன மகன் பாரிசில் ஜவுளிக்கடை போடப்போவதாக ஆரம்பித்தான். வீடே ஒரே குரலில் கேட்டது. அவன் மார்தட்டினான்: "அங்க எல்லாம் மீட்டருதாம்மா. ஒரு பிரச்சினையும் இல்ல."

பாக்கியம் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "மீட்டரு கெடக்கட்டும்டா. அந்த ஊர்ல நெட்டையா எவன் இருக்கான்னு மொதல்ல பாத்துட்டு வா."