ஏழாம் விதியும் சிவப்புப் பொத்தானும்

நடந்தவை, வரிசைப்படி:

1. காலை 10.40: சுமதி அக்காவும் அவள் மகளும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் வந்தார்கள்.
2. 10.55: சங்கு ஊதியது.
3. 11.05: கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தார்கள். (சாப்பாட்டுச் சங்கு பன்னிரண்டரைக்கு.)
4. 11.20: யார் பொறுப்பு என்று தேடினார்கள். நான் கிடைத்தேன்.

தேடல் சிரமமாக இல்லை. பொறுப்பு யாருடையது என்று எழுதி வாசலில் ஒட்டியிருந்ததே நான்தான்.

வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்து அப்போது ஐந்து மாதம். ஆறு மாதம் முடிந்தால் வேலை நிரந்தரம். அதற்குள் பெயர் எடுக்க வேண்டுமென்று பார்வையாளர் விதிகள் எழுதினேன். விதி ஏழு: "குழந்தைகள் செய்யும் எதற்கும் அவர்களை அழைத்து வந்த பணியாளரே முழுப் பொறுப்பு. கவனிக்கவில்லை என்பது காரணமாக ஏற்கப்படாது." கடைசி வரி அவசியமா என்று மேனேஜர் கேட்டார். அவசியம்தான் என்று அரை மணி நேரம் விளக்கினேன். (நல்ல விளக்கம்.)

அக்கா என் பெரியம்மா மகள், கொல்லங்கோட்டிலிருந்து வந்திருந்தாள்; தொழிற்சாலையைச் சுற்றிக் காட்ட அழைத்து வந்தது நான். அவள் மகள் யாழினிக்கு ஏழு வயது. அவளிடம் என் பட்டியலிலிருந்த பதினான்கு ஆபத்துகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தவள், சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் நின்றாள்.

"இது ஆபத்துங்களா சித்தி?"

"இல்ல கண்ணு. அது சங்கு. ஆபத்தில்ல."

அந்தப் பதிலில் இன்றுவரை தொழில்நுட்பப் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு எந்தத் தூள் வாங்கிப் போகலாம் என்று அக்கா கேட்க, திரும்பினேன். யாழினி அழுத்தினாள். முறையான சாப்பாட்டுச் சங்கு எவ்வளவு நேரம் ஊதுமோ, அவ்வளவு நேரம்.

இறங்கி வந்தவர்களைத் திரும்ப ஏறச் சொன்னார் சூப்பர்வைசர். முன்னால் நின்ற மாரியம்மா அக்கா தூக்குச்சட்டியைத் திறந்தபடி சொன்னார்:

"சங்கு ஊதுனா எறங்கணும். அம்புட்டுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

"அப்போ பன்னெண்டரைக்கு ஊதினா?"

"அப்பவும் எறங்குவோம்."

இறங்கினார்கள். அன்று கொழுந்து வராமல் மதியம் முழுக்க இயந்திரங்கள் சும்மா நின்றன.

மேனேஜர் அறையில் அக்கா என் பக்கம் நின்றாள். "ஏனுங்க, புள்ள ஒரு பொத்தானத் தொட்டதுக்கு இத்தன பேரு விசாரிக்கறதுங்களா?"

மேனேஜர் மலையாளி, பொறுமைசாலி. யாழினியிடம் குனிந்து, "எதுக்கு மோளே அமுக்கின?" என்றார்.

"சித்திதான் ஆபத்தில்லைன்னு சொன்னாங்க."

நான் கவனிக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விதி ஏழை மேசையில் வைத்து, இரண்டாம் வரிக்குக் கீழே விரலை வைத்தார்.

"இது வேணுமான்னு நான் அன்னிக்கே கேட்டதல்லே?"

என் தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டது. கடிதத்தில் காரணமாக என் விதியையே வரி மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

இப்போது கொல்லங்கோட்டில் அக்கா வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றினால், உள்ளிருந்து மாமாவின் குரல் வரும்: "யாழினி, உங்க சித்தி வந்துருக்குது. பொறுப்புக்குக் கையெழுத்து வாங்கிட்டு உள்ள உடு." எஸ்டேட்டில் பதினொரு மணி வாக்கில் நான் நடந்து போனால் மேட்டிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் கேட்பார்கள்: "மேடம், இன்னிக்குப் பாப்பா வரலியா?"

வேலை நிரந்தரமாகிவிட்டது. விதி ஏழு அப்படியே இருக்கிறது. பட்டியலில் இப்போது பதினைந்து ஆபத்துகள். பொத்தானுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி, சாவி என்னிடம்.