தவிசாளருக்கு நான் எழுதிய புலம்பல்

உ
18.02.1981
புதன்கிழமை இரவு

அன்பும் மதிப்பும் உள்ள முத்துலிங்கம் மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் மகள் இரஞ்சிதம் எழுதிக்கொள்வது. அம்மா, அப்பா, தம்பி, போன கிழமை கன்று ஈன்ற பசு எல்லோரும் சுகம். நானும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு மணி வரைக்கும் சுகமாக இருப்பேன். அதற்குப் பிறகு எப்படி இருப்பேன் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. நீங்களும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக நீங்கள், ஏனென்றால் நாளைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் வேலை செய்கிற அச்சகத்துக்குப் போகாமல் இருந்துவிட்டால் எங்கள் குடும்பம் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு மன்னாருக்குப் போக வேண்டியதுதான்.

மாமா, நேற்று அப்பா வவுனியா பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பிய பட்டினசபை உறை உங்களிடம் வந்திருக்கும். உள்ளே தவிசாளர் ராஜரத்தினம் ஐயாவுக்குப் பிரியாவிடை வாழ்த்துப்பா, நூறு பிரதி, சனிக்கிழமைக்கு முன் தேவை என்று இருக்கும். தயவுசெய்து அதை அச்சுக் கோக்க வேண்டாம். கோத்திருந்தால் கலைத்துவிடுங்கள். அடித்திருந்தால் எரித்துவிடுங்கள். அதை எழுதியது நான்தான். குசினியில் குப்பி விளக்கைச் சோற்றுப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்து இதை எழுதுகிறேன். அப்பா இருமும்போதெல்லாம் விளக்கை ஊதி அணைக்கிறேன். ஆதலால் எழுத்து எங்கே கோணலாக இருக்கிறதோ அங்கே அப்பா இருமினார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன். இந்த வருடத்தோடு பட்டினசபைகளை எல்லாம் மூடிவிட்டு மாவட்டத்துக்கு ஒரு சபை வரப்போகிறதாம். கதவைப் பூட்டித் திறப்பைக் கேட்கும் வரைக்கும் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை, இப்போதே இறங்கினால் மாலையாவது விழும் என்று பதினெட்டு வருடம் தவிசாளராக இருந்த ஐயா முடிவெடுத்துவிட்டார். சபை மூடினால் அதன் கடிதமும் கூட்டக் குறிப்பும் எழுதுகிற லிகிதரான அப்பாவை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று தெரியாது. தவிசாளர் நல்லதாக ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தால் உதவி அரசாங்க அதிபர் பணிமனையிலேயே, வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் மன்னார்தான் என்று அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சொல்லிவிட்டார். அந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை விழா முடிந்த கையோடு ஒப்பமிட்டுத் தருவதாகத் தவிசாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அம்மா அன்றைக்கே பிள்ளையாருக்கு மோதகம் நேர்ந்துவிட்டா.

போன மாதக் கூட்டத்தில்தான் என் தலையெழுத்து மாறியது. அன்றைக்கு நான் அப்பாவுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோய்ச் சபை வாசலில் நின்றதால் எல்லாம் என் காதாலேயே கேட்டேன். முதலில் மீன் சந்தைத் தரை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. பிறகு பொதுக்குழாய், அதுவும் ஒத்திவைப்பு. பிறகு தபால் கந்தோர் வாசலில் படுத்துக்கொண்டு ஆட்களை உள்ளே விடாத கட்டாக்காலி எருது. ஐந்து கூட்டமாக அது நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது.

"உந்த மாடு ஆற்றை எண்டு விசாரிச்சதோ?" என்று கரையோரப் பகுதி உறுப்பினர் இன்னாசித்தம்பி மாமா கேட்டார்.

"விசாரிச்சம்," என்றார் அப்பா, கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமல். "சேர்மன் ஐயாவின்ர மச்சான்ரை."

"அப்ப அடுத்த விசயத்துக்குப் போவம்," என்றார் தவிசாளர்.

அடுத்த விடயம்தான் பிரியாவிடை. மாலை யார் போடுவது, வடை யார் சுடுவது எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வாழ்த்துப்பா எழுதுகிற பண்டிதர் கண் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"பாட்டில்லாமல் மாலையை மட்டும் போட்டா மாப்பிள்ளை அழைப்பு மாதிரியெல்லோ இருக்கும்," என்றார் இன்னாசித்தம்பி மாமா. "லிகிதர், உங்கட மகள் பள்ளிக்கூடத்தில பாட்டெழுதிப் பரிசெடுத்தவளெல்லோ?"

அந்தப் பாட்டு பல் துலக்குவதைப் பற்றியது என்று அப்பா சொல்லியிருக்கலாம். அவரோ பெருமையோடு முகட்டைப் பார்த்தார். லிகிதரின் மகள் வாழ்த்துப்பா எழுதி மேடையில் வாசிப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது, முன்மொழிந்தவர் இன்ன ஆள், வழிமொழிந்தவர் இன்ன ஆள் என்று தன் கையாலேயே கூட்டக் குறிப்பில் எழுதியும் கொண்டார்.

மாமா, பெரிய மனிதரைப் பற்றி எப்படிப் பாட்டு எழுதுவது என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? வீட்டு அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பெரிய மனிதர்களைப் பற்றி அச்சடித்த பாட்டுப் புத்தகம் பதினொன்று இருந்தது. எல்லாம் நல்ல மினுங்கல் தாள், முதல் பக்கத்தில் படம், படத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை. நீங்கள் எத்தனையோ அச்சுக் கோத்திருப்பீர்கள், செத்தவரின் முப்பத்தோராம் நாள் வீட்டில் சாப்பிட்டு எழும்ப ஆளுக்கொன்று கையில் தருவார்களே, கல்வெட்டு, அதுதான். முதலில் பிள்ளையார் துதி, பிறகு பிறந்த ஊர், பிறகு நற்குணங்கள், பிறகு போன நாளைச் சொல்லும் திதி வெண்பா, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், ஊரவர் புலம்பல். மூன்று நாள் இருந்து அந்த ஒழுங்கு பிசகாமல் அப்படியே எழுதினேன். எனக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. ஆனால் என் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு வெண்பா தளை தட்டாமல் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அர்த்தம் கண்ணில் படவில்லை. நீங்களே பாருங்கள்:

மன்னு ரவுத்திரியில் மாசிமதித் தேய்பிறையில்
துன்னு சதுர்த்தித் திருநாளில் - நன்னெறிசேர்
எங்கள் தவிசாளர் ஏறும் கதிரைவிட்டு
ஈசன் அடிசேர்ந்தார் இன்று.

பிழை இருக்கிறதா? தளையில் இல்லை. தவிசாளரில்தான் இருக்கிறது. அவர் கல்லுப்போல இருக்கிறார், நேற்றும் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினார்.

புலம்பல்களையும் சொல்லிவிடுகிறேன். தவிசாளரின் மனைவி கமலாசனி மாமிக்கு எட்டு வரி. "பத்து மணிக்குப் படலை திறந்து சபைக்கென்று போனீரே, பகற்சோறு ஆறுதே பாவி நான் என்செய்வேன்" என்று தொடங்கும். ஊரவருக்குப் பதினாறு வரி:

குழாயிலே நீரில்லை கோமானே எம்முடைய
விழியிலே மட்டும்தான் வெள்ளமாய் ஓடுதையோ

அதோடு விட்டேனா? எந்தக் கல்வெட்டிலும் இல்லாத உறுப்பினர் புலம்பல் என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தேன்.

அப்பா வாசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அப்பா வரியை எண்ணினார். அறுபத்து நான்கு. "போதும், காணும்," என்று சொல்லி முத்திரை குத்தினார். இருபது வருடம் சபைக் கடதாசிகளோடு இருந்தவருக்குக் கடதாசி என்றால் எண்ணுவது, குத்துவது, அனுப்புவதுதான்.

இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பெருமைக்காக என் கொப்பியை இன்னாசித்தம்பி மாமாவின் மகள் புனிதமலரிடம் காட்டினேன். அவர்கள் வேதக்காரர், வீட்டில் கல்வெட்டு இல்லை, ஆனபடியால் அவள் வெளி ஆள் வாசிப்பதுபோல வாசித்தாள். ஒரு பக்கம் வாசித்துவிட்டுச் சிலுவை போட்டாள்.

"எப்பயடி செத்தவர்?" என்றாள்.

"ஆர்?"

"சேர்மன். விடியக் கூட எங்கட மீன் வாடியடியில நிண்டு பாரை வாங்கினவரடி!"

நான் கொப்பியைப் பறிக்கக் கை நீட்டினேன். அவள் மற்றப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே உறுப்பினர் புலம்பல். "அடியே, என்ர அப்பாவை ஏனடி ஒப்பாரி வைக்க வைச்சனீ? அவர் அழுதா ஒரு கண்ணாலதான் அழுவார், மற்றக் கண்ணால வலையைப் பாப்பார்," என்று சொல்லி வாங்கிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் வாங்கிலுக்குக் கீழே போயிருந்து அழுதேன்.

வேறு தவிசாளர் என்றால் சிரித்துவிட்டுப் போவார் மாமா. இவர் பல்லி சொன்னதென்று வரவு செலவுத் திட்டக் கூட்டத்தையே ஒத்திவைத்தவர். உடையார்கட்டுக்குப் பாலம் பார்க்கப் போன வழியில் பூனை குறுக்கே ஓடியதென்று திரும்பி வந்தவர், அந்தப் பாலத்தை இன்றுவரை பார்க்கவில்லை. போன மாதம்தான் நெஞ்சு நோ என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் மாலையும் கழுத்துமாக இருக்கிற மனிதருக்கு முன்னால் நின்று நான் ஈசன் அடிசேர்ந்தார் இன்று என்று வாசித்தால், ஒன்றில் அவர் அந்த இடத்திலேயே வெண்பாவை மெய்யாக்குவார், அல்லது அப்பாவின் கடிதத்தைக் கிழிப்பார். இரண்டிலும் கடிதம் இல்லை.

பின்னேரம் துணிந்து அப்பாவிடம் கேட்டும் பார்த்தேன்.

"அப்பா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் மாத்தலாமோ?"

"ஏகமனதாய் நிறைவேறின தீர்மானம், பிள்ளை. மாத்திறதெண்டா ஏழு நாள் அறிவித்தல் குடுத்து விசேட கூட்டம் கூட்டோணும்," என்றார். விழாவுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லலாம் என்று குசினிக்குப் போனால், அம்மா "கடிதம் கிடைச்சா உன்னை மன்னார்ப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தத் தேவையில்லை" என்று சந்தோஷமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. மற்றப் பாதித் தேங்காயை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனபடியால் மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். பிள்ளையார் துதியை வைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. மிச்சம் எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, உங்கள் அச்சகத்தில் வேறு யாருக்காவது அடித்த வாழ்த்துப்பா இருந்தால், உயிரோடு இருப்பவருக்கு அடித்ததாகப் பார்த்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அடியுங்கள். கலியாண வாழ்த்து என்றாலும் பரவாயில்லை, பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்றால் தவிசாளர் கோபிக்க மாட்டார். அப்பா கேட்டால் அச்செழுத்து விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். நடக்கத் தொடங்கிய சின்னவனுக்கு ஒரு முத்தம். உங்கள் எல்லோருக்கும் ஒரு குறையும் வராமல் பிள்ளையார் பார்த்துக்கொள்வார். எனக்கு வந்திருக்கிற குறையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை வாசித்தவுடன் கிழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்
ந. இரஞ்சிதம்

பி.கு.: வியாழன், காலை ஆறு மணி. பஸ் வரக் கால் மணித்தியாலம் இருக்கிறது. மாமா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம்!

அப்பா ஒரு பிரதியை நேற்றே கோப்பில் போட்டுத் தவிசாளர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார், எனக்குத் தெரியாது. இன்றைக்கு விடிய ஐந்து மணிக்கு டோர்ச் வெளிச்சத்தோடு தவிசாளர் எங்கள் படலையில் நின்றார். சாரமும் சால்வையும், கண் இரண்டும் சிவந்திருந்தன. "எங்க அந்தப் பிள்ளை?" என்றார். நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு கையைக் காட்டினேன்.

"விடிய விடிய வாசிச்சனான்," என்றார். "மூண்டு தரம் அழுதிட்டன்."

"ஐயா, பாட்டில என்ன பிழை?" என்று அப்பா கேட்டார். அவர் கையிலிருந்த பிரதியை வாங்கி, டோர்ச் வெளிச்சத்தில் முதல் முறையாக வாசித்தார். திதி வெண்பா வந்ததும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"என்ன பிழையோ? லிகிதர், நான் எத்தினை முப்பத்தொண்டில இருந்து எத்தினை கல்வெட்டு வாசிச்சிருப்பன். செத்தவனுக்கு மட்டும் அது வாசிக்கக் கிடைக்கிறேல்ல. எனக்குக் கிடைச்சிட்டுது! இருக்கிறவனைச் செத்தவன் எண்டு சொன்னா ஆயுசு கூடுமெண்டும் சொல்லுவினம். பதினெட்டு வருசமா குழாயில தண்ணி வரேல்லை எண்டு என்னைத் திட்டின சனம், இப்பிடி அழும் எண்டு நான் கனவிலயும் நினைக்கேல்ல. சனம் இப்பிடி அழேக்க நான் எப்பிடியடாப்பா இறங்கிறது?"

ராஜினாமாக் கடிதத்தை இரவே அடுப்பில் போட்டுவிட்டாராம், மாமா. சபையை மூடும் வரைக்கும் கதிரையை விட்டு எழும்ப மாட்டாராம். அப்பாவின் நற்சான்றுக் கடிதத்தை நாளைக்கே ஒப்பமிடுகிறாராம், ஆனால் அதன் வாசகத்தையும் நான்தான் எழுத வேண்டுமாம். "வேண்டாம் ஐயா, வேண்டாம்," என்று அப்பா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

விழாவுக்கு வடைக்கு உழுந்து வாங்கியாயிற்று, ஆகவே ஞாயிற்றுக்கிழமை விழா உண்டு, பெயர்தான் வரவேற்பு. நூறு பிரதி போதாது, முந்நூறு அடியுங்கள், கொக்கிளாய் வரைக்கும் கொடுக்க வேண்டுமாம். புலம்பலில் ஒரு சொல்லும் குறையக் கூடாது. ஊரவருக்குப் பதினாறு வரி, கட்டின பெண்சாதிக்கு எட்டு வரியோ என்று கமலாசனி மாமி கேட்டனுப்பியிருக்கிறா. அவவுக்கு இன்னும் பன்னிரண்டு வரி இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தவிசாளர் திரும்பி வந்துவிட்டார் என்று கடைசியில் இன்னொரு வெண்பா வேண்டுமாம். ஈசன் அடி சேர்ந்தவரை அங்கிருந்து எழுப்பிக்கொண்டு வந்து கதிரையில் இருத்துவதற்குப் பதினொரு கல்வெட்டிலும் மாதிரி இல்லை. நீங்கள் அச்சுக் கோத்தவர்களில் யாராவது அப்படித் திரும்பி வந்திருந்தால், அவருடைய பிரதி ஒன்றை இன்றைய பின்னேர பஸ்ஸில் அனுப்பிவிடுங்கள்.