கண்ட்ரோல் டபிள்யூ தின்ற முந்நூறு பெயர்கள்

அன்புள்ள தம்பி மகன் யென்-டிங்குக்கு, தைனானிலிருந்து பெரியப்பா சின்-ஷுய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கடலம்மன் கோயில் பூனையும் நலம். சின்சுவில் நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன்.

கோயில் கணினி செத்ததும், அம்மன் முன் ஆண்டு விளக்குக்குப் பணம் கட்டியவர்களின் பெயர்களை முப்பது வருடமாக நான் ஏற்றிவந்த கறுப்புத்திரைப் புரோகிராமை, வெப்அசெம்ப்ளி என்று ஏதோ செய்து பிரவுசருக்குள் ஓடவைத்தாய். "எந்தக் கணினியிலயும் தொறக்கலாம் பெரியப்பா" என்றாய். திறந்தது. மூடுவதைப் பற்றி நீ மூச்சுவிடவில்லை. பழைய கணினியில் கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் தப்பான சொல் அழியும். உன் பிரவுசரில் பக்கமே மூடிக்கொள்கிறது; இதுவரை நான்கு முறை. திரும்பத் திறந்தால் ஒரு பெயர்கூட இல்லை. உள்ளே இருப்பது கற்பனை வட்டு, பக்கத்தோடு அதுவும் போய்விடும் என்கிறாய். பிறகு எதற்கப்பா அது 'சேமித்தாயிற்று' என்று அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறது? அவரவர் எழுதித்தந்த சீட்டைப் பார்த்து ஏற்றலாமென்றால், பெயர் எழுதிய தாள் குப்பைக்குப் போகக்கூடாதே, ஏற்றிய கையோடு கோயிலில் காணிக்கைத் தாள் எரிக்கும் உலையில் போட்டுவிட்டேன். போனில் கேட்டு எழுதிய தாளையும் பழக்கதோஷத்தில் எரித்தேன். ஆக, முந்நூறு வீட்டுக்கும் நான்கு முறை போன். பிறந்த வருடம், மாதம், நாள், நேரம். இறைச்சிக்கடைக்காரி, "ஏன்யா, அம்மனுக்கே என் வயசு மறந்துபோச்சா?" என்கிறாள். இன்னும் ஆறு நாளில் பெயர்களை அம்மன் முன் வாசிக்க வேண்டும்; விடுபட்டவருக்கு ஆண்டு முழுதும் விளக்கு கிடையாது. களைத்துவிட்டேனடா.

உன் பிறந்த நேரத்தைக் கேட்டால், "எனக்குத் தெரியாது, அப்பாவைக் கேளுங்க" என்றாய். எங்கள் அப்பாவின் ஸ்கூட்டரை என்னைக் கேட்காமல் விற்ற உன் அப்பாவோடு நான் பேசி ஆறு வருடம். முதல் முறை நேரத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். இரண்டாம் முறை திட்டினான். மூன்றாம் முறை சிரித்தான். நான்காம் முறை, "அண்ணா, உனக்கு இந்த வேலை தேவையா?" என்றான். இந்த அவமானம் போதும். உடனே வந்து சரிசெய்.

அம்மன் உனக்கு நல்ல உடம்பும், பக்கத்தை மூடுமுன் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கும் புத்தியும் தரட்டும்.

பெரியப்பா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உன் அப்பாவே போன் செய்தான். "என்னண்ணா, இன்னிக்கு எதுவும் தொலையலையா? மீன் கஞ்சி ஆறுது, வா." போனேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். நீ எதையும் சரிசெய்ய வேண்டாம்; பெயர்களை நாங்கள் இருவரும் கையால் எழுதிக்கொள்கிறோம். உன் அப்பா சொல்கிறான், போன மாதம்தான் நீயே உன் பிறந்த நேரத்தைச் சொல்லி ஜோசியம் பார்த்தாயாமே? அப்படியானால் கண்ட்ரோல் டபிள்யூ பற்றியும் உனக்கு முன்பே தெரியுமாடா?