'பி' போய் 'ஏ' வந்த வரலாறு

உலகில் தவறே செய்யாத அலுவலகம் ஒன்று உண்டென்றால் அது எங்கள் பிறப்புப் பதிவு அலுவலகம்தான். தலைமை எழுத்தரான நானே சொல்வதால் இதற்குத் தனிச் சான்று தேவையில்லை.

சான்றிதழ் அச்சிடும் கணினி திங்கட்கிழமை கண்ணை மூடிவிட்டது. வெளிநாட்டு மருத்துவமனையில் வேலை கிடைத்த ஒரு நர்ஸ், தன் பிறப்புச் சான்றிதழுக்காக மூன்று நாளாக எங்கள் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பாவிட்டால் வேலை கையைவிட்டுப் போய்விடும். கணினி பழுதுபார்க்கும் ஒப்பந்தப் பணியாளர் ஒரு வழி சொன்னார். பதிவேடுகள் எல்லாம் இருக்கும் லினக்ஸ் கணினியில் ஒரு 'பூட்டபிள்' பென் டிரைவ் தயாரித்தால், செத்ததைப் பத்து நிமிடத்தில் எழுப்பிவிடலாமாம்.

பத்து நிமிடத்தில் முடியும் வேலையை நாங்கள் நம்புவதில்லை. கூட்டம் கூட்டினோம். 'பூட்டபிள்' என்றால் பூட்டு எங்கே, சாவி யார் பொறுப்பில் இருக்கும் என்று மேலாளர் கேட்டது அவருடைய தொலைநோக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. நிரந்தரப் பணியாளர் மட்டுமே கணினியைத் தொடலாம், அதில் அடிக்க வேண்டிய கட்டளையை எழுத்தில் தர வேண்டும், அது மூன்று மேசைகளில் ஒப்புதல் பெற வேண்டும் என்று 'போர்க்கால அடிப்படையில்' முடிவாயிற்று.

ஒப்பந்தப் பணியாளர் ஒரே ஒரு வரி எழுதித் தந்தார். அதன் கடைசியில் 'எஸ்டிபி' என்று இருந்தது. என் முப்பது வருட அனுபவம் விழித்துக்கொண்டது. 'பி' இருக்கிறது, 'ஏ' எங்கே? இணைப்பு 'ஏ' இல்லாமல் இணைப்பு 'பி'யோடு வந்த எத்தனை கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! சிவப்பு மையால் 'பி'யை அடித்து, 'ஏ' என்று திருத்தி, சுருக்கொப்பமும் இட்டேன்.

தட்டச்சர் அம்மா பென் டிரைவைச் செருகிவிட்டு எழுத்துப் பிசகாமல் அடித்தார். கட்டளை வாயே திறக்கவில்லை. வேலை நடக்கிறதா, எவ்வளவு முடிந்தது, எதையும் காட்டவில்லை. நம் அலுவலகத்துக்கென்றே பிறந்த கட்டளை என்று மேலாளர் மெய்சிலிர்த்தார்.

பிறகு திரை இருண்டது. ஒப்பந்தப் பணியாளர் ஓடி வந்து தாளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"பென் டிரைவ்தான் சார் பி. ஏ-ன்னா இந்தக் கம்ப்யூட்டரோட சொந்த டிஸ்க். பதிவேடெல்லாம் அதுலதான் இருந்துச்சு. அதுமேலயே எழுதிட்டீங்க."

நகல் இருக்குமே என்றார் மேலாளர். நகல் எடுக்க அனுமதி கேட்ட கோப்பு, பக்க எண் இடாத குற்றத்துக்காக இரண்டு வருடமாக என் மேசையில் பத்திரமாக இருந்தது.

அன்றே விசாரணை நடந்தது. 'குழப்பம் தரும் எழுத்தைப் பயன்படுத்தியமைக்காக' ஒப்பந்தப் பணியாளர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஒப்புதல் பெற்ற கட்டளையில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை என்று அறிக்கை பாராட்டியது.

வெள்ளிக்கிழமை நர்ஸ் வந்தார். அப்படி ஒருவர் பிறந்ததாகப் பதிவு இல்லை என்று பணிவோடு தெரிவித்தேன்.

"நான் முன்னாடி நிக்கிறேனே சார்."

நிற்பதை நாங்கள் பதிவு செய்வதில்லை என்று விளக்கினேன். பிறந்ததற்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஒரு எழுத்தை மாத்தினதாலதான் எல்லாம் போச்சுன்னு கம்ப்யூட்டர்காரர் சொன்னாரு. மாத்தினது யாரு சார்?"

எங்கள் அலுவலக வரலாற்றிலேயே முதன்முறையாக, ஒரு கேள்விக்கு அந்தக் கணமே பதில் தெரிந்திருந்தது. எழுத்தில் விண்ணப்பித்துவிட்டு முப்பது நாள் காத்திருக்கச் சொன்னேன்.